1.8 மெகா ஓம் காட்டுகிறது: ஆல்டர்நேட்டரை ரீவைண்டிங் செய்தே ஆக வேண்டுமா?

அவிநாசிக்காரன்

வணக்கமுங்க. அவிநாசி பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் 500 கேவிஏ டீசல் ஜென்செட் ஒன்று இருக்கிறது. 415 வோல்ட். மின்சாரம் தயாரிக்கும் பகுதியான ஆல்டர்நேட்டர் பிரஷ் இல்லாதது. 2012 மின்வெட்டுக் காலத்தில் வாங்கியது. அன்றைக்கு அது இல்லாமல் ஒரு நாள் கூடப் பட்டறையை ஓட்டியிருக்க முடியாது. இப்போது எப்போதாவது கரண்ட் போனால் ஓடும், அவ்வளவுதான்.

வருடாந்திர சர்வீசுக்கு வந்தவர்கள், வைண்டிங்குக்கும் எர்த்துக்கும் நடுவில் உள்ள இன்சுலேஷனை மெகா ஓமில் அளக்கும் மெக்கரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "1.8 மெகா ஓம்தான் வருகிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், ஸ்டேட்டரை (சுழலாமல் நிற்கும் பகுதியின் செம்புக் கம்பிச் சுற்றை) முழுசாக ரீவைண்டிங் செய்யுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளி, "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு?" என்கிறார். நான் என்ன பதில் சொல்வது? விவரம் தெரிந்த அண்ணன்மார்கள் சொல்லுங்க.

காங்கயம் ரைஸ்மில்

தம்பி, அந்தக் காலத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. எத்தனை கிலோவோல்ட்டோ அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மெகா ஓம் வேண்டும் என்று வந்துவிடும். உன்னுடையது 0.415 கிலோவோல்ட். 1.415 இருந்தால் போதும். 1.8 இருக்கிறதே, அப்புறம் என்ன? நான் மில்லில் ஜெனரேட்டர் வைத்த நாளில் இருந்து மெக்கரைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்றைக்கும் ஓடுகிறது.

ஈரோடு வைண்டர்

மில் அண்ணா, அந்தச் சூத்திரம் 1970-க்கு முந்தைய வைண்டிங்குகளுக்கானது. ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் அமைப்பின் 43 என்ற தரவிதியிலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் வோல்ட்டுக்குக் கீழே, கம்பி கம்பியாக இரும்பின் காடியில் (ஸ்லாட்டில்) இறக்கும் ரேண்டம் வைண்டிங் என்றால் குறைந்தது 5 மெகா ஓம். பெரிய மெஷின்களில் போடும், முன்பே வடிவம் செய்த ஃபார்ம் காயில் என்றால் 100. இரண்டுமே வைண்டிங் 40 டிகிரியில் இருக்கும்போது வர வேண்டிய அளவு. அதனால் 1.8 போதும் என்று சொல்ல முடியாது.

அதற்காக ரீவைண்டிங் செய்யச் சொன்னதும் சரி என்று ஆகிவிடாது. இந்தத் தொழிலில் சோறு தின்கிறவன் நானே சொல்கிறேன், ஒரே ஒரு எண்ணை வைத்து ஸ்டேட்டரை அறுக்கக் கூடாது.

அவிநாசித் தம்பி, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்க. எத்தனை வோல்ட்டில் போட்டார்கள்? எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள்? எந்த நேரத்தில், என்ன சூட்டில்? ஏ.வி.ஆர். (வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் கருவி) வயரைக் கழற்றினார்களா? கேபிளைப் பிரித்தார்களா, இல்லை பேனல் வரைக்கும் சேர்த்தே போட்டார்களா? நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்கும் லிங்க்கை எடுத்தார்களா?

அவிநாசிக்காரன்

500 வோல்ட் மெக்கர். காலையில் ஏழு மணி இருக்கும். முந்தின ராத்திரி நல்ல மழை. முள் நின்ற இடத்தைப் பார்த்து எழுதினார்கள், நேரம் எதுவும் பார்க்கவில்லை. நியூட்ரல் லிங்க்கையும் ஏ.வி.ஆரையும் கழற்றியதைப் பார்த்தேன். கேபிளைப் பிரிக்கவில்லை. வைண்டிங் சூடு அளக்கவில்லை, அறையில் 25 டிகிரி இருந்திருக்கும்.

பீளமேட்டான்

அப்படியானால் கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்னும் மோசம். சூடு 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் பாதியாகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 25-இல் 1.8 என்றால் 40-க்கு மாற்றும்போது 0.64 மெகா ஓம்தான் வருகிறது. குளிர்ந்த மெஷினில் மெக்கர் போட்டுவிட்டு, சூட்டையும் எழுதாமல் பாஸ் என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மேட்டூர் ஓய்வு

பீளமேட்டாரின் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு ஈரமில்லாத வைண்டிங்குக்குத்தான் பொருந்தும். மழை இரவுக்கு மறுநாள் காலை, நின்றுபோன மெஷின். இரும்பும் செம்பும் காற்றை விடக் குளிர்ந்து கிடக்கும். காற்றின் ஈரம் நீராகப் படியும் பனிப்புள்ளிக்குக் கீழே போயிருந்தால் வைண்டிங் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். அந்த நிலையில் எடுத்த அளவை எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் உண்மை வராது.

நீர்மின் நிலையங்களில் வேலை பார்த்தவன் நான். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மெக்கரின் டி.சி. வோல்ட்டேஜைக் கொடுத்ததும் போகிற மின்னோட்டம் ஒரே வகை இல்லை. முதலில், வைண்டிங்கும் இரும்பும் ஒரு கெப்பாசிட்டர் போல நிரம்புவதற்கான மின்னோட்டம். அது சில வினாடியில் அடங்கிவிடும். இரண்டாவது, இன்சுலேஷன் பொருளுக்குள் மூலக்கூறுகள் திரும்பி அடங்குவதற்கானது. உறிஞ்சு மின்னோட்டம் என்று சொல்வோம். காய்ந்த வயலுக்கு மடை திறந்தால் முதலில் மண் குடித்துக்கொண்டே இருக்கும் இல்லையா, அதுபோல. அது மெல்ல மெல்லக் குறையும். மூன்றாவது கசிவு. அழுக்கும் ஈரமும் உள்ள மேற்பரப்பு வழியாகவோ, இன்சுலேஷன் கெட்ட இடத்தின் வழியாகவோ எர்த்துக்குப் போவது. இது நேரத்தோடு குறையாது, அப்படியே நிற்கும்.

காய்ந்த, சுத்தமான வைண்டிங்கில் கசிவு சொற்பம், உறிஞ்சுவதுதான் அதிகம். அதனால் நேரம் போகப் போக மெக்கர் ஏறிக்கொண்டே இருக்கும். ஈரமான வைண்டிங்கில் கசிவு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். முள் ஓரிடத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். "முள் நின்ற இடம்" என்று எழுதினீர்களே, சீக்கிரமே நின்றதா, ஏறிக்கொண்டிருந்ததா என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல்.

பத்தாவது நிமிட அளவை முதல் நிமிட அளவால் வகுத்தால் வருவது போலரைசேஷன் இண்டெக்ஸ், பி.ஐ. என்போம். எவ்வளவு சூடு தாங்கும் என்பதை வைத்துப் பிரித்த கிளாஸ் பி, எஃப், எச் இன்சுலேஷனுக்குக் குறைந்தது 2 வேண்டும். பழைய கிளாஸ் ஏ-வுக்கு 1.5 போதும். முதல் நிமிடத்திலேயே 5000 மெகா ஓமுக்கு மேல் வந்தால் பி.ஐ. பார்க்கத் தேவையில்லை. 415 வோல்ட் ரேண்டம் வைண்டிங்கில் உறிஞ்சுவது சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் 60 வினாடி அளவை 30 வினாடி அளவால் வகுத்துப் பார்த்தாலே போதும். அது 1-ஐ ஒட்டி வந்தால் ஈரம் அல்லது அழுக்கு.

இன்னொன்று. சோதனை முடிந்ததும் வைண்டிங்கை எர்த் செய்யுங்கள். மெக்கர் போட்ட நேரத்தைப் போல நான்கு மடங்கு நேரமாவது எர்த்தில் இருக்கட்டும். பெரிய மெஷினில் உள்ளே நிற்கும் சார்ஜ் ஆளைத் தூக்கி அடிக்கும்.

காற்றாடி உடுமலை

ஐயா சொன்னது எங்கள் காற்றாலைத் தொழிலில் வருஷா வருஷம் நடப்பது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை காற்றாடிக்கு ஓய்வே கிடையாது. அந்தச் சமயத்தில் ஜெனரேட்டர் இன்சுலேஷன் பற்றிப் பேச்சே வராது, உள்ளே எப்போதும் சூடுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில்லாமல் நின்று, மேலே மழையும் பெய்கிறது பாருங்கள், அப்போதுதான் ஈரம் ஏறும். சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக ஏறி மெக்கர் போட்டுவிட்டுத்தான் கிரிட்டில் விடுவோம்.

பிரஷ் வழியாகக் கரண்ட் போகும் ஸ்லிப் ரிங் இருக்கிற மெஷின்களில், சுழலும் ரோட்டாரின் வைண்டிங் தனித் தலைவலி. கார்பன் பிரஷ் தேய்ந்து விழும் தூள் கரண்ட் கடத்தும். ஈரமே இல்லாமல் அந்தத் தூளே ரோட்டார் அளவை இறக்கிவிடும். சுத்தம் செய்தால் ஏறும். அதற்கும் ரீவைண்டிங் எழுதிக் கொடுத்த புண்ணியவான்கள் உண்டு.

காங்கயம் ரைஸ்மில்

எல்லாரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். அப்படியானால் என் மெஷின் எப்படி இத்தனை காலம் ஓடுகிறது?

ஈரோடு வைண்டர்

உங்கள் மெஷின் தினமும் லோடில் ஓடுகிறது, அதனால்தான் அண்ணா. ஓடுகிற சூட்டிலேயே ஈரம் போய்விடும். 2012-இல் திருப்பூர், பல்லடம், அவிநாசியில் ஒரு நாளில் பாதி நேரம் ஓடிக் களைத்த ஜெனரேட்டர்கள் எங்கள் பட்டறைக்கு வந்தது பேரிங், டயோடு, ஓவர்லோடு என்றுதான். ஈரத்தால் வருவது இப்போதுதான் அதிகம். கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் எல்லாரும் ஜெனரேட்டரை மறந்துவிட்டார்கள். ஓடித் தேய்ந்ததை விட நின்று கெட்டதுதான் இப்போது எனக்கு வேலை கொடுக்கிறது.

சாயப்பட்டறை என்றால் இன்னும் ஒரு படி மேல். சாயத்துக்குப் போடும் உப்பு, சோடியம் சல்பேட் எல்லாம் ஆவியோடும் தூசியோடும் பறந்து வைண்டிங் மேல் படியும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஈரக்காற்று பட்டதும் உப்பு அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பஞ்சுத் துகளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் ஸ்லாட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஓவர்ஹேங்கில் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும்.

தம்பி, கேபிளைப் பிரித்துத் தனித்தனியாக மெக்கர் போடுங்கள். முதல் அளவு அங்கிருந்து தொடங்கட்டும்.

அவிநாசிக்காரன்

போட்டுப் பார்த்தேன். பிற்பகல், வெயில் அடித்தது, 27 டிகிரி. 500 வோல்ட், ஒரு நிமிடம். ஆல்டர்நேட்டர் மட்டும் 3.1 மெகா ஓம். கேபிளும், இ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் பேனலும் சேர்ந்து 4.3. ஆல்டர்நேட்டரில் 30 வினாடிக்கும் 60 வினாடிக்கும் வித்தியாசமே இல்லை. ஐயா சொன்ன மாதிரி முள் உட்கார்ந்துவிட்டது.

பீளமேட்டான்

இரண்டையும் பேரலலில் போட்டுப் பாருங்கள், சரியாக 1.8 வரும். ஆக எழுதிக் கொடுத்த எண்ணில் ஒரு பங்கு உங்கள் பேனலுடையது! ஸ்டேட்டரை ரீவைண்டிங் செய்து முடித்திருந்தாலும் கேபிளோடு போட்டால் 4.3-க்கு மேல் வந்திருக்காது. பேனலையும் ஒரு கை பாருங்கள். பஸ்பார் (மின்சாரம் போகும் உலோகப் பட்டை) சப்போர்ட்டில் உப்புத்தூசி இருக்கும்.

மேட்டூர் ஓய்வு

விகிதம் 1. ஈரமும் அழுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். இனி சுத்தம் செய்து காய வைப்பதுதான் வழி. காய்ந்த பிறகும் ஏறாவிட்டால் அப்போது ரீவைண்டிங் பேசலாம்.

முதலில் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் போடுங்கள், காற்று அடிக்கும் புளோயர் அப்புறம்தான். எடுத்தவுடனே காற்றடித்தால் தூசி ஸ்லாட்டுக்குள்ளும் காற்றுத் துவாரத்துக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும். கம்ப்ரசர் காற்று வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் வரும். அப்படியே பயன்படுத்துவதானால் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் வைத்து, குறைந்த அழுத்தத்தில்.

காய வைக்க, ஆல்டர்நேட்டரின் கீழ்ப்பக்கத் திறப்பில் ஹீட்டர் ஃபேன் வைத்து, சூடான காற்று மேல்வழியாக வெளியேறும்படி வழி விடுங்கள். எல்லாப் பக்கமும் மூடினால் ஈரம் உள்ளேயே சுற்றும். ஒரேயடியாகச் சூடேற்றாதீர்கள். உள்ளே சிக்கிய தண்ணீர் ஆவியாகிப் பூச்சை உடைத்துக்கொண்டு வரும். வைண்டிங் 60, 70 டிகிரியில் நிற்கட்டும். மணிக்கொரு முறை மெக்கர் போட்டு, சூட்டோடு சேர்த்து எழுதுங்கள்.

காங்கயம் ரைஸ்மில்

எங்கள் ஊர் வைண்டிங்காரர் முன்பெல்லாம் சி.டி.சி. ஊற்றிக் கழுவுவார். பளபளவென்று ஆகிவிடும்.

ஈரோடு வைண்டர்

கார்பன் டெட்ராகுளோரைடா? ஈரலைத் தின்கிற விஷம். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2010-லேயே அந்தப் பயன்பாடெல்லாம் நின்றது. பெட்ரோலும் தின்னரும் கூட வேண்டாம். தீ ஒரு பக்கம், தின்னர் வார்னிஷைக் கரைப்பது இன்னொரு பக்கம். வேக்குவமும் உலர்ந்த துணியும் போதும். பிசுக்கு விடவில்லையென்றால் மின்சாதனத்துக்கென்றே விற்கும், சீக்கிரம் ஆவியாகும் கிளீனர் வாங்குங்கள், கதவைத் திறந்து வைத்துவிட்டு.

அவிநாசிக்காரன்

அண்ணா, ஐயா, அவசரம்! வேக்குவம் போட்டு ஒரு சாக்கு அளவுக்குப் பஞ்சு எடுத்தேன். இன்று காலையில் ஹீட்டர் ஃபேன் வைத்தேன். வைண்டிங் 55 டிகிரி. மெக்கர் 3.1-இலிருந்து 0.8-க்கு இறங்கிவிட்டது! நிறுத்திவிடட்டுமா?

மேட்டூர் ஓய்வு

நிறுத்த வேண்டாம். இறங்கத்தான் செய்யும். சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் குறையும் என்று பீளமேட்டார் மேலே கணக்கே போட்டிருக்கிறாரே. 28 டிகிரி ஏறியிருக்கிறது, அந்தக் கணக்குப்படி 0.45-க்குப் போயிருக்க வேண்டும். 0.8-இல் நிற்கிறது என்றால் ஏற்கனவே காயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

காய வைக்கும்போது கோடு எப்போதும் இப்படித்தான் போகும். முதலில் சரியும், அப்புறம் தரையைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நகராமல் கிடக்கும், பிறகு ஏற ஆரம்பிக்கும். அந்தக் கிடக்கிற நேரத்தில்தான் பலரும் பொறுமையிழந்து ஃபேனை எடுத்துவிடுகிறார்கள். ஏறி, ஒரே சூட்டில் மூன்று நான்கு அளவுகள் மாறாமல் நின்ற பிறகு எடுங்கள்.

காற்றாடி உடுமலை

ஐயா, கேபிளை ஷார்ட் செய்து மெஷினையே ஓட்டி அதன் கரண்ட்டில் காய வைப்பார்களே, அது சீக்கிரம் ஆகாதா?

மேட்டூர் ஓய்வு

ஆகும். வெளியீட்டை மூன்று ஃபேஸும் சேர்த்து ஷார்ட் செய்து, ஏ.வி.ஆரை எடுத்துவிட்டு, மெஷினின் காந்தத்துக்குக் கரண்ட் தரும் எக்சைட்டரின் ஃபீல்டுக்கு வெளியிலிருந்து டி.சி. கொடுத்து, ரேட்டட் கரண்ட்டைத் தாண்டாமல் மெல்ல ஏற்ற வேண்டும். பெரிய நிலையங்களில் செய்வோம். ஏ.வி.ஆரை எடுக்க மறந்தால் அது வோல்ட்டேஜ் வரவில்லையே என்று முழு எக்சைட்டேஷனும் கொடுத்துவிடும். பட்டறையில் தனியாக இருக்கும் ஒருவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

அவிநாசிக்காரன்

விவரம் சொல்லிவிடுகிறேன். 0.8-இல் ஒரு பகல் முழுவதும் கிடந்தது. ராத்திரி ஷிப்ட் ஆளிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனேன். காலையில் 2.4. அப்புறம் மளமளவென்று ஏறி 60 டிகிரியில் 28-இல் நின்றது. ஃபேனை எடுத்து 40 டிகிரிக்கு ஆறிய பிறகு 110 மெகா ஓம். 60 வினாடிக்கும் 30 வினாடிக்கும் விகிதம் 1.6.

பேனலில் பஸ்பார் சப்போர்ட்டைத் துடைத்ததும் அதுவும் நூறைத் தாண்டிவிட்டது.

இன்னொரு கூத்து. டெர்மினல் பெட்டிக்குள் டேப் சுற்றிய இரண்டு வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மேனுவலைப் பார்த்தால் அது, மெஷின் நிற்கும்போது ஈரம் ஏறாமல் உள்ளே சூடாக வைக்கும் ஸ்பேஸ் ஹீட்டர். இத்தனை வருஷமாக யாரும் இணைக்கவே இல்லை!

ஈரோடு வைண்டர்

அதுதான் உங்கள் நோய்க்கு மூலம். இன்ஸ்டால் செய்ய வருகிறவர்கள் பவர் கேபிளை மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் பார்த்த ஸ்டாண்ட்பை ஜென்செட்டுகளில் ஹீட்டர் இணைத்திருந்தது குறைவு.

பீளமேட்டான்

நல்ல செய்திதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. மெக்கர் பார்ப்பது செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள சுவரை மட்டும்தான். ஒரே காயிலில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே எனாமல் போயிருந்தால் மெக்கருக்குத் தெரியவே தெரியாது. ஆயிரம் மெகா ஓம் காட்டிவிட்டு மறுவாரமே எரிந்த மோட்டார்கள் கோவையில் எந்த வைண்டிங் பட்டறையில் கேட்டாலும் உண்டு. அதற்கு சர்ஜ் டெஸ்ட் வேண்டும். மூன்று ஃபேஸிலும் ஒரே மாதிரி பல்ஸ் அடித்து அலைவடிவம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது. குறைந்தபட்சம் மில்லி ஓம் மீட்டரில் மூன்று ஃபேஸின் ரெசிஸ்டன்ஸும் ஒன்றாக வருகிறதா என்றாவது பாருங்கள்.

அவிநாசிக்காரன்

ஃபேஸ் ரெசிஸ்டன்ஸ் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கிறது. முதலாளி, அதிக வோல்ட்டேஜ் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்கும் ஹைபாட் டெஸ்ட்டும் போட்டுவிடலாமா என்கிறார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மேட்டூர் ஓய்வு

புது வைண்டிங்குக்கு ரேட்டட் வோல்ட்டேஜைப் போல இரண்டு மடங்கும் கூட ஆயிரமும். உங்கள் கணக்கில் 1830 வோல்ட் ஏ.சி., ஒரு நிமிடம். அதைப் பழைய வைண்டிங்கில் போடக் கூடாது. பிரித்துச் சுத்தம் செய்து ஓவர்ஹால் ஆன மெஷினுக்கு ஒன்றரை மடங்கு, ஆனால் குறைந்தது 1000 வோல்ட் என்று ஐஇசி 60034-1 என்ற சர்வதேசத் தரவிதி சொல்கிறது. என்னைக் கேட்டால் உங்களுக்கு அது வேண்டாம். ஹைபாட் பாஸ் அல்லது ஃபெயில் என்று மட்டும்தான் சொல்லும். ஃபெயில் ஆனால் அதே நிமிடம் ரீவைண்டிங்தான்.

11 கேவி மெஷின்களில் கதை வேறு. அங்கே டான் டெல்டா, பார்ஷியல் டிஸ்சார்ஜ் என்ற சோதனைகள் எல்லாம் பார்க்கிறோம். இன்சுலேஷனுக்குள் காற்றுக்குமிழ் விழுந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே காட்டும். கடம்பாறை நீர்மின் நிலையம் மாதிரி ஒரே மெஷின் தண்ணீரை மேலேற்றவும் மின்சாரம் எடுக்கவும் மாறி மாறி ஓடுகிற இடங்களில் ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும் அதிகம். செம்பு ஒரு அளவு விரியும், மைக்கா எபாக்சி வேறு அளவு விரியும். அந்த இழுபறியில் நடுவில் இடைவெளி விழும். 415 வோல்ட்டில் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

நோட்டை விடாதீர்கள். தேதி, சூடு, ஈரப்பதம், 30 வினாடி, 60 வினாடி. இன்றைய 110-தான் இனி உங்கள் அளவுகோல். அடுத்த வருஷம் 60 வந்தாலும் 5-க்கு மேலே இருக்கிறதே என்று விடாமல், ஏன் பாதியானது என்று தேடுங்கள்.

காற்றாடி உடுமலை

மாதம் ஒரு முறை லோடில் ஓட்டுங்கள், அவிநாசி அண்ணா. சும்மா ஆன் செய்து புகை வருகிறதா என்று பார்த்து நிறுத்துவதில் வைண்டிங் சூடாகாது, எஞ்சினுக்கும் கெடுதல். மூன்றில் ஒரு பங்கு லோடாவது கொடுத்து அரை மணி நேரம்.

அவிநாசிக்காரன்

சரிங்க, ஒரு மெஷின் லைனை அதில் மாற்றி ஓட்டச் சொல்லிவிட்டேன். ரீவைண்டிங் கொட்டேஷனை முதலாளி கிழித்துவிட்டார். கடைசியாக ஒன்று. ஹீட்டரை இ.பி. சப்ளையில் நேராக மாட்டிவிடலாமா?

ஈரோடு வைண்டர்

நேராக மாட்டாதீர்கள். ஜெனரேட்டர் ஓடும்போது ஹீட்டர் அணைய வேண்டும். ஜென்செட் ஓடுகிற சிக்னலில் இழுக்கும் ஒரு சின்ன கான்டாக்டர் (மின்காந்த ஸ்விட்ச்) போட்டு, அதன் சாதாரணமாக மூடியிருக்கும் கான்டாக்ட் வழியாக ஹீட்டருக்கு 230 கொடுங்கள். அதற்கென்று தனி எம்.சி.பி. போட்டு, டெர்மினல் பெட்டி மேல் "இ.பி. சப்ளை உள்ளது" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஜெனரேட்டர்தான் நிற்கிறதே என்று நினைத்து மூடியைத் திறந்து கை வைக்கிறவனுக்கு உள்ளே 230 இருப்பது தெரியாது. ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஆம்ப் மீட்டரோ இண்டிகேட்டர் விளக்கோ இருந்தால் நல்லது. எம்.சி.பி. டிரிப் ஆகிக் கிடந்தால் அடுத்த ஐப்பசி வரை யாருக்கும் தெரியாது.